ஒன்பது அல்ல, இரண்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருவனந்தபுரத்தில் நாங்கள் வாராவாரம் சீட்டாடப் போகும் கிளப்பின் நீளமான அறை. வெளியே பலா மரத்தின்மேல் மழை. சமையல்கட்டிலிருந்து பழம்பொரி வேகும் எண்ணெய் வாசனை.

பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் என் மனைவி கோமதி. அவளுக்கு முன்னால் ஆடி முடித்த பதின்மூன்று சீட்டுகள் கவிழ்ந்த நிலையில் வரிசையாக இருக்கின்றன. வரிசையின் முதல் சீட்டின்மேல் அவள் ஆள்காட்டி விரல் இருக்கிறது.

அதைத் திருப்பினால் போதும். யார் சொன்னது சரி என்று மேசையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்துவிடும்.

அவள் திருப்பவில்லை.

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் பழகியிருக்கும். நிலஅளவைத் துறையில் ஒரு ஆயுளைக் கழித்தவன். எந்த நாள், எந்தக் கிழமை என்று சொல்லாமல் ஒரு பத்தியையும் தொடங்கியதில்லை. இந்த வாரம் தேதி போடப்போவதில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேசாமல் பேசுவது

பிரிட்ஜ் ஆடத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான்கு பேர், இரண்டு அணி. எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் கூட்டாளி. ஒரு அணி இத்தனை சுற்றுகளை ஜெயிப்போம் என்று ஏலம் எடுக்கும். மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும். ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்க மேசையில் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பார்.

தடுக்கும் இருவருக்குத்தான் கஷ்டம். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. பேசக்கூடாது. புருவத்தைத் தூக்கக்கூடாது. பெருமூச்சும் குற்றம்.

ஆனால் ஒரு வழி உண்டு. நான் ஒரு சீட்டை இறக்கியதும் கூட்டாளி அதே வகையில் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். ஒன்பது, எட்டு என்று சற்றுப் பெரிதாகப் போட்டால், 'இதே வழியில் வா' என்று பொருள். இரண்டு, மூன்று என்று சிறிதாகப் போட்டால், 'நிறுத்து, வேறு பக்கம் போ' என்று பொருள். சட்டம் அனுமதிக்கும் பேச்சு இவ்வளவுதான்.

எங்கள் இருவருக்குள் இவற்றுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன. பெரிய சீட்டு 'போரட்டே'. சிறிய சீட்டு 'மதி'.

மதி என்று யார் கூப்பிட்டது?

கோமதி திருநெல்வேலிக்காரி. பிறந்த வீட்டில் அவளை மதி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கரமனையில் குடியிருந்தோம். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருக்கிறது. கிளீனர் அதன் முதுகைத் தட்டி, "மதி, மதி, மதி!" என்று கத்துகிறான்.

"யாருங்க அது, எம் பேரைச் சொல்லிக் கத்துதான்?"

மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று விளக்கினேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"இந்த ஊர்ல எம் பேரே போதுமா?"

அடுத்து வந்தது போரட்டே. வண்டி பின்னால் வரும்போது 'வரட்டும், வரட்டும்' என்பதற்கு இங்கே 'போரட்டே, போரட்டே' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது போகச் சொல்வதுபோல இருக்கும். இது போதாதென்று 'போட்டே' என்று இன்னொன்று உண்டு. போகட்டும், விடு என்று அர்த்தம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த எனக்கு இரண்டும் பழக்கம். அவளுக்கு நெடுநாள் குழம்பியது.

ஒரு முறை எங்கள் வாசலில் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தவருக்கு உதவப் போய், வரட்டும் என்று நினைத்துக்கொண்டு "போட்டே, போட்டே" என்று உற்சாகமாகச் சொல்லியிருக்கிறாள். விடு, விடு என்று இந்த அம்மா யாரைச் சமாதானப்படுத்துகிறார் என்று அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஆட்டோ வாசல் கேட்டின் தூணில் இடித்தது.

இந்தக் கதையை நான் எல்லா விருந்திலும் சொல்லியிருக்கிறேன். அவளும் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

போனக்காட்டு மழை

பிரிட்ஜ் எங்களுக்கு வந்தது போனக்காட்டில். தேயிலைத் தோட்டத்து எல்லையை அளக்க என்னை அனுப்பியிருந்தார்கள். கோமதியும் கூட வந்தாள். போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. அளவுச் சங்கிலியை வெளியே எடுக்க முடியவில்லை. வாசற்படி வரைக்கும் அட்டைப்பூச்சி.

தோட்டத்து அதிகாரியும் அவர் மனைவியும் பிரிட்ஜ் பிரியர்கள். நான் புத்தகம் பார்த்துக் கொஞ்சம் கற்றிருந்தேன். நாலாவது ஆள் வேண்டும். அடுப்பில் கைகாய்ச்சிக்கொண்டிருந்த கோமதியை இழுத்து உட்காரவைத்தோம்.

நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதாவது, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவள் செய்த தப்பைச் சொன்னேன். மழை விட்டது, ஊருக்குத் திரும்பினோம், குவார்ட்டர்ஸ் மாறினோம், ஓய்வு பெற்றேன். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"யோசிக்காம போடுதா" என்பது நான் அவளைப் பற்றி அடிக்கடி சொல்லும் குறை. எந்தச் சீட்டானாலும் அவள் ஒரே வேகத்தில்தான் போடுவாள். தயங்க மாட்டாள்.

நான் தப்புச் சொல்லி முடித்ததும் அவள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. போட்டே. அந்தச் சொல்லை அவள் சரியாகப் பழகிக்கொண்டது என்னிடம் சொல்லிச் சொல்லித்தான் என்று நினைக்கிறேன்.

போட்டே என்றால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வேன். பரவாயில்லை என்றால் இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று எடுத்துக்கொள்வேன்.

அந்த ஆட்டம்

மழை ஞாயிறுக்கு வருகிறேன்.

எதிர் அணியில் அனுஜா. கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. வயதில் எங்கள் மகளைவிடச் சிறியவள், ஆட்டத்தில் என்னைவிடப் பெரியவள். அவளோடு ஆடியவன் அவள் அலுவலகத்துப் பையன். சீட்டுகளை விரித்துவைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்ட் துருப்பு. அனுஜா ஏலம் எடுத்திருந்தாள். அவளைத் தோற்கடிக்க எங்களுக்கு நான்கு சுற்றுகள் வேண்டும். என் கையில் டயமண்ட் ஏஸ், டயமண்ட் ராஜா, ஸ்பேட் ஏஸ். டயமண்ட் ஏஸை இறக்கினேன். விரித்துவைத்த கையில் டயமண்ட் ராணியும் ஜாக்கும் இருந்தன. கிளாவரில் ராஜா இருந்தது.

கோமதி டயமண்டில் இரண்டு போட்டாள்.

இரண்டு. அதைவிடச் சிறிய சீட்டு கிடையாது. மதி, நிறுத்து, டயமண்ட் வேண்டாம், கிளாவருக்குப் போ என்று அவள் கத்தியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

ஆனால் என் கையில் ராஜா இருந்தது. அடுத்த சுற்றும் எனக்குத்தான் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. போட்டேன்.

அனுஜாவிடம் டயமண்ட் ஒன்றுதான் இருந்திருக்கிறது. சின்னத் துருப்பால் என் ராஜாவை வெட்டினாள். கோமதி இந்த முறை ஒன்பதைப் போட்டாள். அதற்கு இனி ஒரு வேலையும் இல்லை. என் ஏஸும் ராஜாவும் போய்விட்டதால், விரித்துவைத்த கையில் இருந்த டயமண்ட் ராணியும் ஜாக்கும் பெரிய சீட்டுகளாகிவிட்டன. எங்கள் கையிலிருந்த துருப்புகளை வாங்கி முடித்ததும் அனுஜா அவற்றை ஆடி, தன் கையில் தோற்கவிருந்த இரண்டு கிளாவர்களைக் கழித்துவிட்டாள். ஜெயித்தும்விட்டாள்.

கோமதி கையில் கிளாவர் ஏஸும் ராணியும் இருந்தன. இரண்டாம் சுற்றில் நான் கிளாவர் ஆடியிருந்தால் நடுவில் சிக்கிய ராஜா தப்பியிருக்காது. எங்களுக்கு நான்கு சுற்றுகள் கிடைத்திருக்கும்.

எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"ஒம்பதைப் போட்டு வா வான்னு கூப்பிட்டேல்லா நீ? உனக்க கையில டயமண்ட்ல என்ன இருக்குன்னு கூப்பிட்டே?"

"நான் ரெண்டுல்லா போட்டேன்."

"ரெண்டு அப்புறம் போட்டது. முதல்ல ஒம்பது. எனக்க கண்ணால பாத்தேன்."

இந்த மாதிரிப் போட்டிகளில் ஆடிய சீட்டை நடுவில் குவிப்பதில்லை. அவரவர் முன்னாலேயே ஆடிய வரிசையில் கவிழ்த்துவைக்க வேண்டும். தன் அணி ஜெயித்த சுற்றென்றால் நேராக, தோற்றதென்றால் குறுக்காக. தகராறு வந்தால் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு. அவள் முன்னால் முதல் சீட்டு நேராக இருந்தது, என் ஏஸ் ஜெயித்த சுற்று. இரண்டாவது குறுக்காக இருந்தது, ராஜா வெட்டுப்பட்ட சுற்று.

அவள் விரல் முதல் சீட்டுக்குப் போனது.

அனுஜா பொறுக்காமல், "அல்ல அங்கிள், ஆன்ட்டி முதல்ல போட்டது..." என்று ஆரம்பித்தாள்.

கோமதி என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தாள்.

"போட்டே மோளே."

பதின்மூன்று சீட்டுகளையும் ஒன்றாக வாரினாள், கலைத்தாள், அடுத்த மேசைக்குப் போகும் பெட்டியில் தன் பள்ளத்தில் செருகினாள். கலைத்துவிட்டால் வரிசை கிடையாது.

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ஜெயித்தவன் சாய்வதுபோல.

கிழக்கேகோட்டை நெரிசலில்

திரும்பும்போது கிழக்கேகோட்டையில் பஸ்கள் பின்னிக்கொண்டு நின்றன. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த அனுஜாவுக்கு ஜோடி இல்லியாம். கூட ஆடுத பையன் பெங்களூருக்குப் போறானாம். என்னைக் கூப்பிடுதா."

"எப்போ கூப்பிட்டா?"

"கை கழுவ போன எடத்துல."

"எனக்க கூட ஆட வேண்டாமா உனக்கு?"

"ஒரு மாத்தத்துக்குத்தான்."

மாற்றம் என்ற சொல்லை என் மூளை உடனே 'கொஞ்ச நாளைக்கு' என்று மொழிபெயர்த்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் திரும்பாத அந்த வாரங்களில்தான் இந்தத் தொடரில் கிளப்பைப் பற்றிய அத்தியாயத்தை எழுதினேன். சில வாரங்களுக்கு முன் படித்திருப்பீர்கள். சிரித்ததாகக் கடிதம் எழுதினீர்கள். அதில், ஒன்பதைப் போட்டுக் கணவனைக் குழியில் தள்ளிய மனைவி என்று ஒரு பத்தி இருந்தது. தேதியும் இருந்தது. தேதி மிகச் சரியானது. தேதி சரியாக இருந்தால் மீதியும் சரியாகத்தான் இருக்கும் என்று வாசகர் நம்பிவிடுவார். எழுதுகிறவனும் நம்பிவிடுகிறான். எழுதும்போது என் கண்ணுக்கு ஒன்பதுதான் தெரிந்தது.

பத்திரிகைக்கு அனுப்பும் முன் கோமதிதான் படித்துப் பிழை பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்து சேர்த்தாள். ஒன்பதைத் தொடவில்லை.

நாற்காலிக்குப் பின்னால்

ஜோடி இல்லாமல் கிளப்புக்குப் போகிறவன் வேடிக்கைதான் பார்க்க முடியும். அதற்கும் விதி உண்டு. யாராவது ஒருவருடைய கையை மட்டும்தான் பார்க்கலாம். வாயும் முகமும் எதையும் காட்டக்கூடாது. நான் கோமதியின் தோளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கையில் இருக்கும் சீட்டுகளை அவள் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எதிராளியின் சீட்டுகள் மேசையில் விரிந்தவுடன், தன் முறை வரும் முன்பே, அவள் கண் அந்தச் சீட்டுகளுக்கும் தன் கைக்குமாகப் போய்ப் போய் வந்தது. உதடு லேசாக அசைந்தது. இது வந்தால் இது, அது வந்தால் அது என்று முடிவு செய்கிறாள். பிறகு முறை வரும்போது ஒரே வேகத்தில், ஒரே மாதிரி விரலசைவில் போடுகிறாள். தயங்கினால் அந்தத் தயக்கமே கூட்டாளிக்கு ஒரு தகவலாகிவிடும். சீட்டு சொல்லாததைத் தான் சொல்லக்கூடாது.

யோசிக்காமல் போடுகிறாள் என்று நான் சொல்லிவந்தது இதைத்தான்.

அனுஜா ஸ்பேட் ஒன்றை இறக்கினாள். கோமதி மூன்றைப் போட்டாள். அனுஜா அந்த மூன்றைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தாள். பிறகு வேறு வகைக்கு மாறினாள். அதில் கோமதியிடம் ஏஸ் இருந்தது.

என் காது சுட்டது. முகம் எதையும் காட்டக்கூடாது என்ற விதியை அன்று நான் மீறியிருப்பேன்.

டீ வந்தபோது அனுஜா பழம்பொரியும் கையுமாக என்னிடம் வந்தாள்.

"அங்கிள், ஞங்ஙள் ஆபீஸ்ல ஒரு மதுரைக்காரி உண்டு. அவ அங்கிள் எழுதினது வாசிச்சுக் காட்டினா. நல்ல தமாசு. சிரிச்சு சிரிச்சு செத்து." கொஞ்சம் நிறுத்தினாள். "பக்ஷே அது ரெண்டல்லே? ஆன்ட்டி போட்டது?"

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு கணக்கு இடிக்கிறதே என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அனு, டீ ஆறுது பாரு" என்று மேசைப் பக்கத்திலிருந்து கோமதி கூப்பிட்டாள்.

இரண்டாம் தடவையாக எனக்காகச் சீட்டைக் கலைத்துவிட்டாள்.

ஒற்றெழுத்து

வீட்டுக்கு வந்து, உடைகூட மாற்றாமல் கேட்டேன்.

"அன்னைக்கு நீ ஏன் சீட்டைத் திருப்பல?"

அவள் பிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"திருப்பியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"ஒத்துக்கிட்டிருப்பேன்."

"இல்ல. வரிசையை மாத்தி வச்சிருக்கேன்னு சொல்லியிருப்பீங்க. அத்தனை பேருக்கு முன்னால."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது, இப்போது ஞாபகம் வருகிறது.

"சரி, நான் எழுதினதுல ஒம்பதுன்னு இருந்ததே. அதையாவது அடிச்சிருக்கலாம்லா?"

"எழுத்துப்பிழை பாக்கத்தானே குடுத்தீங்க?"

பிளாஸ்கைக் கவிழ்த்துவைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ போட்டே போட்டேன்னு சொன்னதெல்லாம்?"

"அதை நீங்க போரட்டேன்னு எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய?"

சொல்லும்போது அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அந்தக் கதையை எத்தனை விருந்தில் சொன்னேன் என்பதுதான் ஞாபகம் வந்தது. அர்த்தம் தெரியாமல் தூணில் போய் இடித்தவன் கதையில் யார் என்பதும்.

"வார ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேருமா..."

"அனுஜாகிட்ட வாரேன்னு சொல்லிட்டேன்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

திருத்தம்

முன்பு வெளிவந்த அத்தியாயத்தில் என் மனைவி டயமண்ட் ஒன்பதைப் போட்டாள் என்று எழுதியிருந்தேன். அவள் போட்டது இரண்டு. அப்போதே நான் அதைப் பார்த்தேன்.

இந்த வாரம் தேதி போடாததற்குக் காரணம் இதுதான். தேதியை வைத்துக்கொண்டு இன்னொரு முறை உங்கள் நம்பிக்கையை வாங்க வெட்கமாக இருக்கிறது.

இதுவரை உள்ளதை அவளிடம் கொடுத்தேன். எழுத்துப்பிழைக்கு மட்டுமல்ல என்று சொல்லித்தான் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். ஒரே இடத்தில் பேனா வைத்தாள். 'அடுப்பில் கைகாய்ச்சிக்கொண்டிருந்த' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நானே கேட்டு வந்து உட்கார்ந்தேன்' என்று எழுதினாள். அது எனக்கு ஞாபகமே இல்லை. மேலே பழைய வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். எது சரி என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன ஞாயிறு அவளைக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வண்டி நிறுத்தும் இடம் குறுகல். ஒரு பக்கம் மதில், பின்னால் பலா மரம். எப்போதும் அவள் இறங்கிப் பின்னால் நின்று வழி சொல்வாள். நான் எப்போதும் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டுவேன். எங்கள் வண்டியின் பின்பக்கம் நசுங்கியிருப்பது அந்த மரத்தால்.

அவள் இறங்கினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தருகே போய் நின்றாள். உள்ளே சன்னலோரம் அனுஜா சீட்டைக் கலைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போரட்டே" என்றாள் கோமதி. "போரட்டே... போரட்டே..."

கண்ணாடியில் இன்னும் நிறைய இடம் இருப்பதாகத் தெரிந்தது.

"மதி."

நிறுத்தினேன்.